நீலப் புகை

வாசுகி அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியும். காருக்குள் என்ன இருக்கிறது என்பது ஐம்பத்தாறு வயது வரை தெரியாது. தெரிந்துகொண்டது போன செப்டம்பர் பதினேழாம் தேதி. கல்கத்தா கார்டன் ரீச்சில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் பாவத்துக்கு நானும் பக்கத்தில் நின்றேன், சும்மாதான்.

அவர் கணவர் பழனிசாமி அண்ணன் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அழைத்துப்போவது இருபத்திரண்டு வயதான வெள்ளைக் கார். இரண்டு நாளாக அது திக்கித் திக்கி ஓடியது. பின்னால் புகை வேறு. "புதங்கெழம காத்தால மெக்கானிக் நிமாய்தா கிட்ட காட்டிக்கலாங்க" என்று அக்கா விட்டுவிட்டார்.

புதன்கிழமை டயாலிசிஸ் நாள். அன்றைக்கே விஸ்வகர்மா பூஜையும். அன்று கல்கத்தாவில் எந்தப் பட்டறையிலும் ஸ்பானரைத் தொட மாட்டார்கள். முப்பது வருடம் இங்கே குப்பை கொட்டியும், கருவிகளுக்கு ஓய்வு என்றால் நவராத்திரி முடிவில்தான் என்று அக்காவின் மனதில் ஈரோட்டுக் காலண்டரே தொங்கியது. டாக்ஸிக்காரர்கள் வண்டிக்கு மாலை போட்டுவிட்டுப் பட்டம் விடப் போய்விட்டார்கள். அண்ணனுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் என்றதும், "அதுல போனா திரும்பி வரமாட்டன்" என்று அடம்பிடித்தார்.

குலுங்கிக் குலுங்கி அடுத்த தெருப் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் நிமாய்தாவின் கருவிகளெல்லாம் சாமி முன்னால் பூவோடு கிடந்தன. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொட மாட்டேன் பௌதி. நீங்க தொடுங்க, நான் சொல்றேன்." வங்காளத்தில் சொன்னார்; எனக்குப் புரிந்தது இது. பௌதி என்றால் அண்ணி.

முதலில் புகையைப் பார்க்கச் சொன்னார். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளை நிற்காமல் வந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. இது நீலம், ஆயில் எரிகிறது. பிறகு எஞ்சினை அணைத்து, ஒரு ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி, மறுபடி ஓடவிட்டுக் கேட்கச் சொன்னார். முதல் வயரைக் கழற்றியதும் வண்டி இன்னும் மோசமாக உதறியது. அதை மாட்டிவிட்டு இரண்டாவதைக் கழற்றினாலும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அதுதான் வேலை செய்யல."

டிக்கியில் துருப்பிடித்துக் கிடந்த பிளக் ஸ்பானரால் அக்கா அதைக் கழற்றினார். எண்ணெய்க் கரி அப்பியிருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தார். நல்ல சேலை.

"சரியாயிடுமா?" என்று கேட்டேன், அதிகப்பிரசங்கி.

"எஞ்சினுக்குள்ள பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிடுச்சு, அதான் ஆயில் ஏறுது. எஞ்சினைப் பிரிச்சு சரிபண்ண வண்டி பத்து நாள் இங்க நிக்கணும். அதுவரைக்கும் தொடச்சுத் தொடச்சு ஓட்டணும்."

அக்கா காருக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார். அப்போதுதான் அழுதார். பிறகு பிளக்கைத் திரும்ப மாட்டி வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரிக்கு அரைமணி தாமதம். படுக்கையை இன்னும் வேறு யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

இப்போது டயாலிசிஸ் நாட்களில் காலை ஆறு மணிக்கே அக்கா பானெட்டைத் திறந்துவிடுகிறார். போன வெள்ளிக்கிழமை அண்ணன் வாசலில் நின்று சொன்னது மாடிக்குக் கேட்டது.

"இத வித்துப்போட்டு டாக்ஸில போலாம் வாசுகி. உனக்கெதுக்கு இந்தக் கரி?"

"தேஞ்சு போச்சுன்னு வித்துப்போட முடியுங்களா? ஏறுங்க, நேரமாச்சு."

அண்ணன் ஏறி உட்கார்ந்தார்.