அப்பாவின் வடக்கு

பூமியின் காந்தப்புலம் தலைகீழாகப் புரளப்போகிறது என்று செல்போனில் வந்த ஒரு வீடியோ அப்பாவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. போன வருடம்தான் அவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தோம். வடக்கும் தெற்கும் இடம் மாறினால் அந்தக் கருவி நின்றுவிடும் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார்.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறவள். சும்மா இருப்பேனா? வகுப்பே எடுத்துவிட்டேன். புரண்டு முடிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அப்போது புலம் வலுவிழக்கும், விண்வெளிக் கதிர்கள் கூடுதலாக உள்ளே வரும், ஓசோன் மெலியலாம். தட்பவெப்பம் எவ்வளவு மாறும் என்பதில் ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இதற்கு முன்னால் எத்தனையோ முறை புரண்டும் உயிர்கள் பிழைத்துத்தான் வந்திருக்கின்றன.

"அப்பப் பொழச்சதுகளுக்கெல்லாம் பேஸ்மேக்கர் இருந்துச்சா கண்ணு?" என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் காலை செல்போன் திசைகாட்டியை நெஞ்சோடு பிடித்தபடி வந்தார். "வடக்கு நகந்துபோச்சு அம்மணி. நாலு நாளா நெஞ்சு வேற படபடங்குது."

மேட்டுப்பாளையம் இருக்கும் பக்கத்தைக் காட்ட வேண்டிய முள் தெற்கே பொள்ளாச்சியைக் காட்டியது. போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். முள் ஒழுங்காக நின்றது. அவரருகே வந்தேன், மறுபடி திரும்பியது.

"பாக்கெட்டுல என்னங்கப்பா?"

நாலு நாள் முன்னால் புதிதாக வாங்கிய காந்தம். சின்னதுதான், ஆனால் அசாத்திய இழுவை. நாற்பது வருடம் மோட்டார் பட்டறை நடத்தியவர். என் தம்பியிடம் ஒப்படைத்த பிறகும் தினமும் போய், கீழே சிதறிய திருகாணிகளையும் இரும்புச் சீவலையும் காந்தத்தால் பொறுக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பொறுக்கி முடித்ததும் காந்தம் சட்டைப்பையில், பேஸ்மேக்கருக்கு நேர் மேலே.

கருவியைச் சோதித்த டாக்டர், பழுது எதுவும் இல்லை என்றார். காந்தம் பக்கத்தில் இருந்தால் அது இதயத்தின் போக்கைக் கவனிக்காமல் தன் வேகத்துக்கே துடிக்கவைக்குமாம்; எடுத்துவிட்டால் சரியாகிவிடுமாம். "காந்தம் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னோமே?"

"பெரிய காந்தத்தத்தான் சொல்றீங்கன்னு இருந்துபோட்டேனுங்க."

வெளியே வந்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பா டீக்கடையில் வடை கேட்டு வாங்கினார். உயிர் வந்த மாதிரி இருந்தது. நாலு நாளாக அவர் என் கண்ணெதிரே நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பூமியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேனே தவிர, அவருக்கு என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.