ரத்தப் பரிசோதனைக்கு வைத்த தாம்பூலம்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், மன்னிக்க வேண்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன் பிறகு மயிலாப்பூரில் இஸ்திரிப் பெட்டியைத்தான் பிடித்திருக்கிறேன்.

வைகாசியில் என் இடது கால் வீங்கியது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும். போதும், நிறுத்து என்று சொல்லவும் உடம்பில் ஒரு புரதம் உண்டாம். அதைச் செய்யச் சொல்லும் மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வரும். எனக்கு வந்ததில் ஒன்று பழுது. புரதம் பாதிதான் இருக்கிறது.

"குடும்பத்துல கர்ப்பமா யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். கொட்டிவாக்கத்தில் அக்கா மகளுக்கு அப்போது நாலாம் மாதம். கர்ப்பத்தில் ரத்தம் இன்னும் சுலபமாக உறையும், தாயின் உயிருக்கே ஆபத்து, அக்காவையும் மகளையும் உடனே சோதிக்க வேண்டும் என்றார்.

அக்காவுக்கு போன் செய்தேன்.

"இன்னாடா, போன்ல சொன்னா வந்துருவமா? உன் பொண்ணு காதுகுத்துக்கும் இப்டித்தான். தட்டு வச்சுக் கூப்புடு."

"அக்கா, இது ரத்தம் எடுக்குறதுக்கு."

"எதுக்கா இருந்தா இன்னா? எங்களுக்குன்னு மரியாதை கீதுல்ல?"

மறுநாள் வெற்றிலை, பாக்கு, பழத் தட்டோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். நான் தட்டை நீட்டினேன். "வெள்ளிக்கிழமை காலையில ரத்தப் பரிசோதனை வச்சிருக்கோம், குடும்பத்தோட வரணும்" என்று என் மனைவிதான் அழைத்தாள்.

அக்கா வீட்டுக்காரர் நாள்காட்டியைப் பார்த்தார். "பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள குத்திடுவாங்களா?"

குடும்பத்தோடே வந்தார்கள். அடையாற்றில் பரிசோதனைக்கூட வாசலில் வேன் நின்றது. பட்டுச்சேலையும் மல்லிகையுமாகப் பதினோரு பேர்.

"யாருக்கு எடுக்கணும்?" என்றாள் ரத்தம் எடுக்கும் பெண்.

"இவங்க ரெண்டு பேருக்கு" என்று அக்காவையும் மகளையும் காட்டினேன்.

"மீதிப் பேரு?"

"சம்பந்தி வீட்டுக்காரங்கம்மா" என்றார் அக்கா வீட்டுக்காரர். பிறகு முகம் சுருங்கியது. "என்னை ஏன் கூப்புடல? எனக்கு இன்னா ரத்தமா இல்ல?"

கடைசியில் அவருக்குச் சர்க்கரை பார்த்தார்கள்.

"தாய்மாமன் நீ. வந்து கையப் புடி" என்றாள் அக்கா. எனக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும். கண்ணை மூடிக்கொண்டு அக்கா மகளின் கையைப் பிடித்தேன்.

"மாமா, ஊசி எடுத்துட்டாங்க. நீ கைய விடு, நீ புடிக்கிறதுதான் வலிக்குது."

அக்காவுக்கும் மகளுக்கும் அதே பழுது இருந்தது. மகளுக்கு அப்போதிருந்து ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வயிற்றில் ஊசி. அவளே போட்டுக்கொள்ளக் கற்றாள். நேற்று பெண் குழந்தை பிறந்தது. ஊசி இன்னும் ஆறு வாரம் உண்டு. இன்று நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள். கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதி முடித்தேன்.

ஐப்பசி நான்கு, செவ்வாய்க்கிழமை.