கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு

ஹால்வார்டைப் புதைத்த இடத்தில் நட்ட கல்லில் பெயரும் தேதிகளும் மட்டும்தான் இருந்தன. கீழே 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று பொறிப்பது எங்கள் ஓஸ்லோ வழக்கம். கல் வெட்டுபவர் கேட்டபோது மனைவி தோர்குன் மறுத்துவிட்டாள்.

"இப்ப வேணாம். அவர் இன்னும் முழுசாப் போகல."

துக்கத்தில் உளறுகிறாள் என்று அந்த ஆள் நினைத்திருப்பார். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அடுத்த மேசை என்னுடையது. அவள் உளறுகிற ரகமில்லை. ஹால்வார்டின் வயிற்றிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு துணுக்கு எங்கள் தட்டுகளில் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தது. அவரே மனமுவந்து கொடுத்தது.

"உன் புற்றுநோய்க் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. இனி என் செல்லுங்க கேக்கட்டும்" என்றாராம். "என்கிட்டயும் அது பலிக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லிடு."

பலிக்க வேண்டியது இதுதான். நோய் தராதபடி முடக்கிய வைரஸின் மேல் ஒரு மரபணுவை ஏற்றி அனுப்புவோம். புற்றுச் செல் அதை விழுங்கி, ஒரு சின்னப் பைக்குள் அடைத்துச் செரித்துவிடும். அதைத் தடுக்க ஒரு மருந்தை முன்கூட்டியே கொடுப்போம். அது பையின் சுவரில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீல ஒளி பட்டால் சுவர் கிழியும், வைரஸ் தப்பும், மரபணு வேலை செய்து செல் பச்சையாக ஒளிரும். ஒரு தட்டுக்கு ஒளி காட்டி, இன்னொன்றை இருட்டிலேயே வைக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் அது ஒளி செய்த வேலை என்று சொல்ல முடியும்.

அதனால் தோர்குனின் இருட்டறைக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் ஈ எறும்பு உள்ளே போகாது. கைக்கடிகாரம் மின்ன நுழைந்த எங்கள் தலைவர் ராங்ன்வால்டே திட்டு வாங்கியிருக்கிறார்.

டிசம்பரில் ஹால்வார்டின் செல்கள் சோர்ந்துபோயின. உறைய வைத்திருந்தவையும் பிழைக்கவில்லை. கடைசியாக இரண்டே தட்டு.

சோதனை நாள் லூசியா திருநாளாக வந்து விழுந்தது. வெள்ளை அங்கியும் மெழுகுவர்த்தியுமாகக் குழந்தைகள் பாடிக்கொண்டே மருத்துவமனை முழுக்க வருவார்கள். அந்த மாதத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்பு நட்சத்திர விளக்கு தொங்கும். தோர்குனின் விளக்கையும் அப்படியொன்று என்றே நினைத்துவிட்டாள், கூட்டி வந்த டீச்சர். கதவைத் திறந்தாள். பிள்ளைகள் தடுக்கி விழக் கூடாதென்று உள்விளக்கையும் போட்டாள், மகராசி!

நான் ஓடிப் போவதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. மருந்தும் வைரஸும் போட்ட இரண்டு தட்டுகளும் மேசைமேல் திறந்து கிடந்தன; இருட்டில் இருக்க வேண்டியதன் மேலும் வெளிச்சம் பட்டுவிட்டது. தோர்குன் கத்துவாள் என்று பார்த்தால், முழுப் பாட்டையும் நின்று கேட்டாள். "நல்லாப் பாடுனீங்க, செல்லங்களா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

வைரஸுக்கு வேண்டிய அவகாசம் கொடுத்துவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தோம். இரண்டு தட்டிலும் பச்சை. அத்தனை பச்சையை நான் பார்த்ததே இல்லை.

ராங்ன்வால்ட் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒளி காட்டின தட்டை மட்டும் எழுதலாமே, தோர்குன். இருட்டுத் தட்டுக்குப் பழைய சோதனை இருக்கு."

"அது வேற ஆளோட செல்லு."

"யாரு கேக்கப் போறாங்க?"

"ஹால்வார்ட் கேட்டாரே! வைரஸ் தானாவே தப்பிச்சிருந்தா? தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லி அவரை அனுப்ப என்னால ஆகாது."

அவர் தன் அறைக்குத் திரும்பிவிட்டார்.

உயிருள்ள செல்களை அப்படியே குப்பையில் போடக் கூடாது. வெளுப்புத் திரவம் ஊற்ற வேண்டும். "நான் ஊத்துறேன், நீங்க போங்க" என்றேன். தோர்குன் தலையசைத்து மறுத்தாள்.

கடைசியாக ஒருமுறை கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தாள். "சொல்ல முடியலப்பா, மன்னிச்சிடு" என்றாள். பிறகு ஊற்றினாள். ஒரு தட்டு, அப்புறம் இன்னொன்று. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவிவிட்டு, கல் வெட்டுபவருக்குப் போன் போட்டாள்.

"தோர்குன் பேசுறேன். அந்த வரியை இப்ப வெட்டிடுங்க."