முட்டிக்குக் கட்டிய துணி

நான் வாயைத் திறக்காதது அந்தப் பெண்ணுக்காகவா, என் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தாலா? இன்றுவரை தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் அலுவலகத்தின் மகளிர் கைப்பந்து அணி தோற்றுக்கொண்டே இருந்தது. விளையாட்டுக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்ட எங்களில் சிலரை உட்காரவைத்துவிட்டு, பள்ளி முடித்த பெண்களைச் சேர்த்தார்கள். கைக்குழந்தைக்காரியான என் இடத்துக்கு ஒருத்தி வந்தாள். சீசன் முழுக்க ஆடினால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம்.

தாம்பரம் மைதானத்தில் ஒருநாள் காலை, வீங்கிய முட்டியைக் காட்டினாள்.

"அக்கா, கோச் சார்கிட்ட சொல்லிடாதீங்க. கட்டு மட்டும் போட்டு வுடுங்க."

"டாக்டர்கிட்ட போலாம்டி."

"போனா ரெஸ்ட் எடுன்னுவாரு. அப்பால நீங்கதான் உள்ள எறங்குவீங்க" என்று சிரித்தாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் மனம் குழம்பிவிட்டது. கோச்சிடம் சொன்னால், என் இடத்துக்காகச் சொன்னேன் என்பார்கள். பையிலிருந்த குழந்தைத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். சீசன் முடியும்வரை தினமும் கட்டினேன். அணி கலைக்கப்படாமல் தப்பித்தது, அவள் வேலையும் நிரந்தரமானது.

இப்போது ஸ்டேஷன் படிகளில் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக நின்று ஏறுகிறாள். என்னைக் கண்டால், "உங்களாலதான்க்கா எனக்கு வேலை" என்கிறாள். என் பயத்தை அவளிடம் சொல்லிவிடலாமா, அந்த நன்றியை அப்படியே விட்டுவிடலாமா? உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.