டாப்ஸ்காட் அம்மாளின் ஒன்பது கடிதங்கள்

இங்கிலாந்தின் அப்பர் ஸ்லிங்கோம் கிராமத்தில் மியூரியல் டாப்ஸ்காட்டைப் பற்றி யாரும் தவறாக ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பேசினால் பதில் எழுத்தில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். முப்பத்தோரு வருடம் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவர். ஊரில் யாருக்கு மூலம், யாருக்கு மூட்டுவலி என்று தெரிந்திருந்தும் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. அடக்கி வைத்த அத்தனையும் பக்கத்து வீட்டு பிலிப்பா கார்சைடின் தலையில்தான் இறங்கியது.

இரண்டும் ஒட்டு வீடுகள். ஒரே கொத்தனார், ஒரே செங்கல், நடுவில் ஒரே சுவர். ஆனால் வெயில் விழும் தெற்குப் பக்கம் பிலிப்பாவுக்கு வாய்த்துவிட்டது. வருடத்தில் நாற்பது நாள் வெயில் அடித்தால் முப்பத்தெட்டு நாள் அது பிலிப்பா வீட்டுக்கே போய்விடுகிறது என்பது மியூரியலின் கணக்கு. பிலிப்பா கணவரை இழந்தவர், நான்கு பிள்ளைகளை அந்த வீட்டில் வளர்த்தவர். கிறிஸ்துமஸுக்கு நான்கு பேரும் நான்கு கார்களில் வந்து இறங்குவார்கள். மியூரியலுக்கு ஒரே மகள். நியூசிலாந்தில் இருக்கிறாள். போனில் வருவாள்.

பொறாமை என்ற சொல்லை மியூரியல் உபயோகித்ததே இல்லை. நியாயம் என்றுதான் சொல்வார். நியாயம் கேட்டு ஊராட்சி அலுவலகத்துக்கு ஒன்பது கடிதங்கள் போட்டிருக்கிறார். பிலிப்பாவின் கண்ணாடி அறை வெயிலைத் திருப்பி என் கண்ணில் அடிக்கிறது என்று ஒன்று. அவள் பேரிக்காய் மரம் குளவிகளுக்கு விருந்து வைக்கிறது என்று ஒன்று. சேவலுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று தெரியவில்லை என்று இரண்டு. ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

போன மார்ச்சில் பிலிப்பாவின் வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை முளைத்தது. நான்கே நாளில் மியூரியல் வாசலிலும் ஒன்று முளைத்தது. விலை ஐயாயிரம் பவுண்டு கூடுதல்.

"நாம எதுக்கு, மியூரியல், வீட்டை விக்கணும்?" என்று கேட்டார் கணவர் டெஸ்மண்ட். நாற்பது வருடத்தில் அவர் கேட்ட மூன்றாவது கேள்வி அது.

"அவ வீடு இத்தனைக்குப் போச்சுன்னு ஊரே பேசும். அப்ப நம்ம வீட்டை யாரு பேசுவா?"

லண்டனிலிருந்து ஒரு பல் டாக்டர் தம்பதி வந்தார்கள். இரண்டு வீட்டையும் பார்த்தார்கள். மியூரியல் வீடுதான் பிடித்திருக்கிறது, சொன்ன விலை தருகிறோம் என்றார்கள். அந்த ஒரு வாரம் மியூரியல் தபால் பெட்டி வரை போவதற்கே பிலிப்பா வாசல் வழியாக மூன்று தடவை சுற்றினார்.

அப்புறம் படிவம் வந்தது, வீட்டை விற்கிறவர்கள் நிரப்ப வேண்டியது. அண்டை வீட்டாரோடு தகராறு, புகார் ஏதாவது உண்டா என்று அதில் ஒரு கேள்வி.

"இல்லைன்னு எழுதுங்க."

"நீ போட்ட ஒன்பது?"

"அது தகராறு இல்ல டெஸ்மண்ட். கடிதப் போக்குவரத்து."

"பதிவு எண்ணோட இருக்கேம்மா. பொய் எழுதினா பின்னாடி வழக்குப் போடுவாங்க."

உள்ளதை எழுதினார்கள். பல் டாக்டர்களின் வக்கீல் மிரண்டுபோனார். புகார்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று இரண்டு வீட்டாரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் பேரம் முறிந்தது என்று எழுதிவிட்டார்.

பதினோரு வருடத்துக்குப் பிறகு மியூரியல் பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்தார்.

"அடடே, மியூரியலா! உன் கடிதம்தான் வரும், இன்னைக்கு நீயே வந்திருக்கியே. உட்காரு கண்ணு, டீ போடறேன்."

பிலிப்பா தாளை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டார். எலுமிச்சைக் கேக்கை வெட்டி வைத்தார். கேக் நன்றாக இருந்தது, அதுவும் மியூரியலுக்குப் பொறுக்கவில்லை.

"நீயும் போட்டுடு. என் வீட்டை வாங்கறவங்களும் இதே தாளைத்தான் கேக்கறாங்க."

மியூரியலின் பேனா நின்றது. "எங்க போறே நீ?"

"டெவன்ல, கடலோரத்துல ஒரு ஃபிளாட். ரெண்டாவது மாடி. படுத்துக்கிட்டே கடல் பார்க்கலாம்."

"வெயில் வருமா?"

"நாள் பூரா!"

மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லித் தாளோடு எழுந்து வந்துவிட்டார் மியூரியல். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

"போடலையா? ஏன்?" என்றார் டெஸ்மண்ட்.

"அவளுக்குக் கடலாம்."

"நீ போடலேன்னா நம்ம வீடும் விக்காம நிக்குமே!"

"நிக்கட்டும். அவளுதும் நிக்கும்ல."

புதன், வியாழன் இரண்டு நாளும் தாள் சாப்பாட்டு மேசையில் ஒற்றைக் கையெழுத்தோடு கிடந்தது. மியூரியல் அதைத் தொடாமல் தட்டை ஒதுக்கி வைத்தே சாப்பிட்டார். வெள்ளி காலை வீட்டுத் தரகர் ஹ்யூகோ போனில் கெஞ்சினார்.

"மேடம், அஞ்சு மணி வரைக்கும்தான். ரெண்டு வீட்டையும் கெடுத்துடாதீங்க."

"ஹ்யூகோ, பிலிப்பாவுக்கு ஃபிளாட் பார்த்துக் கொடுத்தது நீதானே?"

"ஆமா மேடம்."

"அந்தக் கட்டடத்துல மூணாவது மாடி இருக்கா?"

"இருக்கு மேடம். காலியாத்தான் இருக்கு. சரியா அவங்க ஃபிளாட்டுக்கு நேர் மேல. ஆனா..."

"எழுதிக்கோ. எங்களுக்கு."

மியூரியல் பேனாவை எடுத்தார். கையெழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்து பிலிப்பாவின் பெயர்மேல் கொஞ்சம் ஏறிக்கொண்டது.

டெஸ்மண்ட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அலைச் சத்தம் கேட்டா உனக்குத் தலைவலி வருமே. கடலை வச்சு நீ என்ன பண்ணப் போறே?"

"கடலை யாரு கேட்டா? நமக்குத் தரை எதுவோ, அதுதான் அவளுக்குக் கூரை."