போஸ்ட் மிஷின் ஒன்று, மோட்டாருடன்

இங்கிலாந்துக் குடியானவர்களின் வீடுகளுக்குள் நான் நுழைந்ததெல்லாம் அவர்கள் இறந்த பிறகுதான். வேலூரில் முதுகலை வரலாறு படித்தபோது ஆய்வேட்டுக்கு எனக்கு ஒதுக்கப்பட்ட பொருள் அது: சில நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே சொந்த நிலத்தைத் தாமே உழுது வாழ்ந்தவர்கள் எழுதிவைத்த உயில்களும், அவர்கள் மறைந்தபின் வீட்டில் எடுக்கப்பட்ட சாமான் பட்டியல்களும். யோமன் என்று அவர்களைச் சொல்வார்கள். பிரபுவுக்குக் கீழே, கூலிக்காரனுக்கு மேலே. ஒருவன் இறந்தால் ஊரில் மதிப்புள்ள அண்டைவீட்டு ஆண்கள் சிலர் வருவார்கள்; அறை அறையாக நடப்பார்கள். கட்டில், மெத்தை, பித்தளைப் பானை, பரண்மேல் அடுக்கிய பாலாடைக்கட்டி, தொழுவத்துப் பசு என்று எல்லாவற்றையும் எழுதி, விலை மதித்து, கையெழுத்திட்டுப் போவார்கள்.

மனைவியின் பொருள் என்று அந்தப் பட்டியல்களில் தனியாக ஒன்றும் இராது. அவள் கொண்டுவந்த கட்டிலும் அவள் நூற்ற நூலும் கணவனின் பொருளாகவே எழுதப்பட்டன. அன்றைய சட்டம் அப்படி. உயிலில் அவளுக்கு ஓர் அறை கிடைக்கும், அடுப்பங்கரையில் ஓர் இடம் கிடைக்கும், அதுவும் அவள் மறுமணம் செய்யாதவரை.

இதைப் பற்றி நான் கல்லூரி அரங்கில் பேசினேன். மேடை எனக்குப் புதிதல்ல. சர்ச் வாலிபர் கூட்டத்தில் தொடங்கி, மாவட்டத்தின் பேச்சுப்போட்டிகள் அநேகமாக எல்லாவற்றிலும் நின்றவள் நான். எதிரணியின் வாதத்தை எதிரணியைவிட அழகாக எடுத்துரைத்து, அவை தலையசைக்கும் அந்த நொடியில் அதை உடைப்பது என் முறை. அன்று, தன் கையால் நூற்ற நூலையே கணவன் பெயரில் எழுதக் கேட்டு மௌனமாக நின்ற ஒரு விதவையை மேடைமேல் நிறுத்தினேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆம்பூரிலிருந்து அப்பா வந்திருந்தார். ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அவர்; எத்தனை முறை சலவை செய்தாலும் சட்டையைவிட்டுப் போகாத அந்த வாசனையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து அவரும் தட்டினார்.

“நல்லா பேசுன. கடைசில கொஞ்சம் ஜாஸ்தி வேகம்” என்றார்.

தட்டிய அந்தக் கை அதற்கு முன்பே ஓர் உயிலில் கையெழுத்துப் போட்டிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. சில மாதங்கள் கழித்து, அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்தில், அண்ணன் அதைப் படித்துக் காட்டியபோது தெரிந்தது. பத்திர எழுத்தர் எல்லாருக்கும் எழுதித் தரும் அதே வாசகம். வீடும், வீட்டிலுள்ள சகல தட்டுமுட்டுச் சாமான்களும் மகனுக்கு. மனைவி ஆயுள் பரியந்தம் அந்த வீட்டில் குடியிருந்துகொள்ளலாம். மகளின் திருமணத்தை மகன் நடத்திவைக்க வேண்டும். அப்பா கொடியவர் இல்லை. ஒருநாளும் அம்மாவை அதட்டிப் பேசியவர் இல்லை. எழுத்தர் எழுதினார், இவர் கையெழுத்திட்டார். அந்தச் ‘சகல’வுக்குள் என்னென்ன அடங்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். கொடுமையை மன்னிப்பது எனக்கு இதைவிட எளிதாக இருந்திருக்கும்.

அந்தச் சகலத்துக்குள் அம்மாவின் மிஷின் இருந்தது.

எங்கள் பக்கத்தில் போஸ்ட் மிஷின் என்பார்கள். ஒரு தூணின் உச்சியில் ஊசி இறங்கும். ஷூவின் மேல்பாகத்தை வளைத்து வைத்துத் தைப்பதற்கென்றே செய்தது. ஒப்பந்தக்காரரின் ஆட்டோ வெட்டிய தோலைக் கட்டுக்கட்டாக இறக்கிவிட்டுப் போகும். அம்மா பின்தாழ்வாரத்தில் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பாள். முதலில் வெறும் கைத்தையல். அந்தக் கூலியில் சீட்டுப் போட்டு, சீட்டு எடுத்து வாங்கியதுதான் மிஷின். என் ரயில் பாஸும் புத்தகமும் அதிலிருந்து வந்தவை. அப்பாவின் சம்பளம் சத்துவாச்சாரியில் அண்ணன் வாங்கிய மனைக்கும் அதன்மேல் எழும்பிய வீட்டுக்கும் போனது.

சாமான்களைப் பட்டியல் எடுக்க வேண்டும் என்றான் அண்ணன். “பின்னாடி பேச்சு வரக்கூடாது, அதான்.” ஊர் முறைப்படி சாட்சிக்கு ஒரு பெரியவர் வேண்டும். சபையின் செயலாளரை அழைத்துவந்தான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஞாயிறுதோறும் ஆராதனையில் அறிவிப்புகளைப் படிப்பவர், போட்டிகளில் நான் வென்ற கோப்பைகளில் சிலவற்றை என் கையில் கொடுத்தவரும் அவரே.

அவர்கள் அறை அறையாக நடந்தார்கள். நான் படித்த ஏடுகளிலிருந்து எழுந்துவந்தவர்களைப்போல நடந்தார்கள்.

“எழுதிக்கோப்பா. ஸ்டீல் பீரோ ஒண்ணு. டிவி ஒண்ணு. நாற்காலி... இதுல ஒண்ணுக்கு காலு ஆடுதே?”

“ஆடற காலோட எழுதுங்க ஐயா” என்றாள் அம்மா, பின்னாலேயே ஈரத்துணியோடு வந்தபடி. எழுதுவதற்கு முன் ஒவ்வொன்றையும் துடைத்தாள். பிறர் பார்க்கப்போகும் சாமான் தூசியாக இருக்கலாமா என்பது அவள் கவலை.

“பீரோ சாவி உங்கம்மா இடுப்புல இருக்குது. உங்கம்மாவையும் சேத்து எழுதிடலாமா?” என்றார் செயலாளர். அண்ணன் சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பின்தாழ்வாரத்துக்கு வந்தார்கள். பாதி தைத்த மேல்பாகம் ஒன்று ஊசியின் அடியில் அப்படியே இருந்தது. அப்பா மயங்கி விழுந்தார் என்று செய்தி வந்தபோது அம்மா விட்டுவிட்டு எழுந்தது.

“போஸ்ட் மிஷினு ஒண்ணு, மோட்டாரோட” என்று சொல்லிக்கொண்டே எழுதினான் அண்ணன்.

“அது அம்மாவோடது” என்றேன்.

“வீட்ல தானே இருக்குது?”

“வீட்ல நானுந்தான் இருக்கேன். என்னையும் எழுதிக்கிறியா? அம்மா தச்சு சம்பாதிச்சு வாங்குனது அது.”

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சபையில் ஒரு சச்சரவைத் தீர்க்கும்போது அப்படித்தான் செய்வார். “இதோ பாரும்மா. எனக்கு யார் பக்கமும் இல்ல. ஆனா இந்த மிஷினு வந்த ஞாயித்துக்கெழம ஸ்தோத்திரக் காணிக்க போட்டீங்க. படிச்சது யாரு? நான். ‘புதிய தையல் இயந்திரம் கிடைத்ததற்காக’ன்னு, உங்கப்பா பேரச் சொல்லித்தானே படிச்சேன்? சபையே கேட்டுச்சே.”

இதை வெளியூர் வாசகருக்குச் சற்று விளக்க வேண்டும். எங்கள் சபைகளில் நன்மை ஒன்று நடந்தால் ஒரு கவரில் காணிக்கை வைத்து, பெயரையும் காரணத்தையும் மேலே எழுதிக் கொடுப்பார்கள். பிறந்தநாள், பரீட்சையில் தேறியது, வயிற்றுவலி நின்றது, புது வண்டி. எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை உரக்கப் படிப்பார்கள். கவரை வாங்குவதும் பணம் வைப்பதும் பெண்கள்; எழுதும் பெயர் கணவனுடையது. அது பக்தியோடு சேர்ந்த மரியாதை. தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளும் மனைவியைப் பார்த்துச் சபை முகம் சுளிக்கும். கேஸ் இணைப்பு வந்ததற்குக்கூடக் காணிக்கை போட்டவள் என் அம்மா. ஒவ்வொரு கவரிலும் அப்பா பெயர். அவள் உழைப்பில் வந்த ஒவ்வொரு பொருளையும் இப்படி, அவள் கையெழுத்திலேயே, ஊரறிய அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

“கவர்ல அவரு பேர எழுதுனது நான்தான் ஐயா” என்றாள் அம்மா.

“பாத்தியா? அவங்களே ஒத்துக்கிறாங்க.”

அப்போது நான் பேசினேன். தாழ்வாரத்துத் தூணருகே நின்று, மேடையில் பேசுவதுபோலவே பேசினேன். எனக்குத் தெரிந்த ஆயுதம் அது ஒன்றுதான். செயலாளரின் வாதத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். சபை கேட்டது உண்மை, கேட்டதைச் சபை நம்பியதும் உண்மை என்றேன். ஆனால், காணிக்கைக் கவர் கடவுளுக்குச் செலுத்தும் நன்றியா, கிரயப் பத்திரமா என்று கேட்டேன். நன்றி சொன்னவளின் பணிவை அவளுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவது எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்டேன். கடல் கடந்த ஊரில், சட்டமே பெண்ணுக்கு எதிராக இருந்த காலத்தில், அண்டைவீட்டார் பெண்ணின் நூலை ஆணின் பெயரில் எழுதினார்கள். இங்கே சட்டம் அவளுடைய சம்பாத்தியம் அவளுடையது என்கிறது, நீங்களோ சட்டத்தைவிடப் பழைய பேனாவைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்றேன். குரல் எங்கும் தடுமாறவில்லை. ஒரு சொல்கூட மிகையில்லை. நான் பேசியவற்றில் ஆகச் சிறந்த பேச்சு அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

“ஸ்டேஜின்னு நெனச்சுக்கினியா?” என்றான் அண்ணன். “ஜட்ஜு இல்ல இங்க. கப்பு கெடைக்காது.”

செயலாளர் அவனை அடக்கினார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. “பிரமாதம்மா! என்னா தமிழு, என்னா கோர்வை! வர்ற அறுப்பின் பண்டிகைக்கு இதையே பேசிடு. பெண்கள் ஐக்கிய சங்கத்துல சொல்லி நான் ஏற்பாடு பண்றேன்.” பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினார். “ம்... எழுதிட்டியாப்பா? மிஷினு ஒண்ணு. அடுத்து இன்னா?”

அடுத்தது அரவைக்கல்.

இரண்டு நாள் கழித்துக் குட்டியானை லாரி வந்தது. மிஷின் பேரணாம்பட்டில் அண்ணனின் மச்சான் நடத்தும் சிறு யூனிட்டுக்குப் போகிறது என்று அப்போதுதான் சொன்னான். ஊசியின் கீழிருந்த அந்தப் பாதி வேலையை அம்மா நூலறுத்து எடுத்தாள். மிஷினை எண்ணெய் போட்டுத் துடைத்தாள். வண்டியில் ஏற்றும்போது மகனிடம் சொன்னாள்: “தெனம் எண்ணெ போடச் சொல்லு. காஞ்சி போனா ஊசி ஒடியும்.”

“சரிம்மா. வர்றேன்.”

வழக்குப் போடலாம் என்றேன். மனைவி தானே சம்பாதித்து வாங்கிய பொருளைக் கணவனின் உயில் கொடுத்துவிட முடியாது. சீட்டு நடத்திய பெண்மணி இருக்கிறார், ஒப்பந்தக்காரர் இருக்கிறார், சாட்சிக்குக் குறைவில்லை. அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பையன கூண்டுல நிக்க வச்சிட்டு வந்து நான் சர்ச்சுல எப்படி ராப்போஜனம் எடுக்கறது?”

“அவன் எடுக்கறானேம்மா.”

“அது அவன் பாடு.”

அதற்குமேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இல்லை. அம்மா ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். காலையில் கம்பெனி வேன், மாலையில் வீங்கிய கால். தன் தாழ்வாரத்தில் தன் நேரத்துக்குத் தைத்தவளை, கழிப்பறைக்குப் போகக்கூட மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்க வைத்தது அந்தப் பட்டியல். நான் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். செயலாளர் சொன்னபடியே அறுப்பின் பண்டிகைக்கு அழைப்பு வந்தது. வர இயலாது என்று ஒரே வரியில் பதில் அனுப்பினேன். என் வாழ்க்கையில் நான் மறுத்த முதல் மேடை அது.

ஆய்வேட்டில் ஒரு விதவையின் வீட்டுப் பட்டியல் வருகிறது. அவள் இறந்தபின் எடுத்தது. ஊரே நூல் நூற்ற காலத்தில் அவள் வீட்டில் இராட்டை இல்லை. ஆகவே அவள் நூற்பதை விட்டுவிட்டாள் என்று எழுதியிருந்தேன். பேராசிரியரும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்.

அம்மா கம்பெனிக்குப் போக ஆரம்பித்து ஓராண்டு கடந்திருக்கும். ஒரு நாள் கல்லூரியிலிருந்து திரும்பியபோது, பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அந்த வீட்டம்மாளை அம்மா, அக்கா என்ற பொருளில், ஆபா என்று கூப்பிடுவாள். உருதுவும் தமிழும் கலந்து பேசுகிற, கணவரின் தோல் மண்டி நொடித்தபின் கைத்தையலுக்கு வந்த முஸ்லிம் அம்மாள். அவருடைய முன்னறையில், ஜன்னலோரம், பழைய போஸ்ட் மிஷின் ஒன்றின்முன் அம்மா உட்கார்ந்திருந்தாள். செகண்ட் ஹேண்ட். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருக்கிறாள். கம்பெனியை விட்டுவிட்டாளாம்.

“நம்ம வீட்ல வைக்கலாமேம்மா. தாழ்வாரம் காலியாத்தானே கெடக்குது?”

“அது யாரு வீடு?” என்றாள் அம்மா, தையலை நிறுத்தாமல்.

மகளே என்று உருதுவில் என்னை அழைத்து ஆபாதான் சொன்னார்: “இங்க இருக்கட்டும் பேட்டி. யாரு வந்து கேட்டாலும் என்னுதுன்னு சொல்லிடுவேன். எதுக்கு பேஜாரு?”

அன்று மாலை ஆய்வேட்டை எடுத்து அந்த விதவையைப் பற்றிய வரியை அடித்தேன். இராட்டை அவள் வீட்டில் இல்லை என்பதை மட்டும் விட்டுவைத்தேன். எங்கே இருந்தது என்பது எந்த ஏட்டிலும் இராது.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் செயலாளர் காணிக்கைகளைப் படித்தார். ஒரு மகள் நர்சிங் வேலையில் சேர்ந்ததற்காக. ஒரு குடும்பத்துக்குப் புது பைக் கிடைத்ததற்காக. சத்துவாச்சாரி வீட்டுக்கு மாடி எடுத்ததற்காக என் அண்ணன். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு ஆமென். மிஷினைப் பற்றி ஒன்றும் வரவில்லை. கேஸ் இணைப்புக்கு நன்றி சொன்னவள் என் பக்கத்தில் கைகளை மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போதகரை அழைத்து அந்த மிஷினுக்கு ஜெபமும் செய்யவில்லை. ஜெபம் செய்யாமல் அவள் தொட்ட முதல் மிஷின் அதுதான்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது கேட்டேன். “கவர் போடலியாம்மா?”

கூட்டம் விலகும்வரை காத்திருந்தாள். பிறகு, நான் மட்டும் கேட்கும்படி, “ஆண்டவருக்குத் தெரியும். செகரெட்டரி ஐயாவுக்குத் தெரிய வேணாம்” என்றாள்.

அவர் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவருக்கு ஸ்தோத்திரம் என்று வணக்கம் சொல்லிவிட்டு நடந்தாள்.