தாளில் இல்லாத பழம்

என் மகளுக்கு இருபத்திரண்டு வயதில் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அவள் அப்பா நாற்பத்தாறு வயதில், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போனவர். அவர் ரத்தத்தில் இருந்தது அவளுக்கும் வந்திருக்கிறது, சாப்பாட்டை மாற்றினால் மட்டும் இது இறங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. பிள்ளையின் உடம்புக்குள் தினமும் போகப்போகிற பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ளவாவது செய்யலாம் என்று நினைத்தேன்.

அதுவே லேசில் நடக்கவில்லை. மெடிக்கலில் நமக்கு மாத்திரை அட்டைதான் கிடைக்கும். பெட்டியும், அதற்குள் மடித்து வைத்த தாளும் கடையிலேயே தங்கிவிடும். மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரரிடம் அந்தத் தாளைக் கேட்டேன். பெட்டியின் அடியிலிருந்து உருவிக் கொடுத்தார்.

"இத முழுசாப் படிச்சீங்கன்னா தலவலி மாத்திரகூட போட மாட்டீங்கக்கா."

படித்தேன். பொடி எழுத்து. ஒரு சனிக்கிழமை மதியம் அதிலேயே போனது. ஈரலைப் பற்றி, கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டியதைப் பற்றி, சேர்த்துச் சாப்பிடக் கூடாத ஆன்டிபயாடிக்குகளைப் பற்றியெல்லாம் இருந்தது. காரணமில்லாமல் தசை வலித்தாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ உடனே சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. மகள் அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் போனில் அவளுக்குச் சொன்னேன். பரீட்சை எனக்கா உனக்கா என்று கேட்டாள்.

தாளின் கடைசிப் பகுதியில் கிரேப்ஃப்ரூட் என்ற பழத்தை நிறையச் சாப்பிடக் கூடாது என்று போட்டிருந்தது. அது மாத்திரையை உடம்பு கரைத்து வெளியேற்றுவதைத் தடுக்குமாம். மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் தேங்கிவிடுமாம். போனில் படம் தேடிப் பார்த்தேன். ஆரஞ்சு மாதிரி மஞ்சள் பழம், உள்ளே சிவப்பு. கடலூர் மார்க்கெட்டில் நான் அதைக் கண்டதே இல்லை. அத்தனை பயங்களுக்கு நடுவில் அது ஒன்றுதான் எங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று நிம்மதியாகத் தாளை மடித்து வைத்தேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு பப்ளிமாஸ் மரம் இருக்கிறது. அந்த வருஷம் காய்த்துத் தள்ளியது. ஹாஸ்டல் பரோட்டாவுக்குப் பதிலாகப் பழம் சாப்பிடட்டும் என்று, வாரக் கடைசியில் மகள் வந்து போகும்போதெல்லாம் தோலுரித்து, சுளையின் வெள்ளைத் தோலையும் எடுத்து டப்பாக்களில் அடைத்துக் கொடுத்தனுப்புவேன். பத்தாததற்கு முழுப் பழங்கள் வேறு. ராத்திரி மாத்திரை போட்டதும் வாய்க் கசப்புக்கு அதைத்தான் சாப்பிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள் காலையில் அவளுடைய அறைத்தோழி கூப்பிட்டாள். இவளால் ஹாஸ்டல் மாடிப்படி ஏற முடியவில்லை, தொடையெல்லாம் வலிக்கிறது, பாத்ரூம் போனால் டீ நிறத்தில் போகிறது என்றாள். தாளில் படித்த வரிகளை அந்தப் பெண் அப்படியே சொல்வதுபோல் இருந்தது. சிதம்பரம் பஸ்ஸில் வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு இப்போதும் நினைவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது, கை பழக்கத்தில், இரண்டு பப்ளிமாஸைப் பையில் போட்டிருந்தேன். அதை ஆஸ்பத்திரியில்தான் கவனித்தேன்.

ரத்தப் பரிசோதனையில் தசை சிதைந்திருப்பது தெரிந்தது. மாத்திரையை நிறுத்தி, சிறுநீரகம் பாதிக்காமலிருக்கக் குளுக்கோஸ் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். பெண் டாக்டர். ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்தாளா, ஓட்டம் உடற்பயிற்சி உண்டா, கிரேப்ஃப்ரூட் சாப்பிட்டாளா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு, அந்தப் பழத்தை நாங்கள் கண்ணால் பார்த்ததே இல்லை என்று நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

மூன்றாம் நாள், சிறுநீரகம் தப்பித்தது, வீட்டுக்குப் போகலாம் என்றார். எனக்குக் கை கூப்பியது மட்டும் போதவில்லை. பையிலிருந்த பழங்களை எடுத்து, கட்டிலருகே இருந்த மேஜையில் அவர் முன்னால் வைத்து, எங்க வீட்டு மரத்துப் பழம் என்றேன்.

அவர் பழத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத உங்க பொண்ணு சாப்பிடுமாம்மா?"

"தெனமும் சாப்பிடுவா டாக்டர்."

"இது அந்தப் பழத்தோட பங்காளிம்மா. இதாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், சில பேருக்கு மாத்திர மட்டுமே இப்படிப் பண்ணும். ஆனா இனிமே மாத்திரையோட இது வேணாம்."

கட்டிலில் இருந்த மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, டாக்டருக்காவது குடுக்கலாமா, கேட்டுக்க," என்றாள். டாக்டர் சிரித்துவிட்டுப் பழங்களை எடுத்துக்கொண்டார்.

சில வாரங்களில் ரத்தம் சரியானது. அந்தப் பழத்தோடு அவ்வளவாக வம்பில்லாத வேறு மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதினார்கள். மகள் அதைத் தொடவில்லை. அட்டை ஃபிரிட்ஜின் மேலேயே கிடந்தது. அந்த மாத்திரையைக் கண்டால் அவளைவிட எனக்குத்தான் பயம். ஆனால் கூடத்தில் மாட்டியிருக்கிற அவள் அப்பாவின் படத்தைத் தாண்டித்தான் நான் தினமும் சமையலறைக்குப் போகிறேன். மாத்திரை போட்டால் வரக்கூடியதையெல்லாம் அச்சடித்துத் தருகிறார்கள். போடாமல் விட்டால் வரக்கூடியதை அந்த ஒரு படத்தில்தான் நான் பார்க்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுத் தாளை வாங்கி வந்து அவள் முன்னால் விரித்தேன். இந்த முறை நான் படித்துச் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து படித்தோம். புரியாததைக் குறித்து வைத்து, டாக்டரைப் போனில் கேட்டோம். தினமும் நாங்கள் சாப்பிடுகிற எல்லாவற்றையும், தாளில் பெயர் இல்லாவிட்டாலும், சொன்னோம்.

"வலிச்சா அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டருக்குப் போன் பண்ணிடுவேன்," என்றாள் மகள். "நீயும் சும்மா சும்மா கேட்டுக்கினு இருக்கக் கூடாது."

சரி என்றேன். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

மரம் இந்த வருஷமும் காய்த்திருக்கிறது. பழம் கேட்டு வருகிறவர்களிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். பழத்துக்கு மருந்துச் சீட்டு கேட்கிற வீடு என்று தெருவில் கேலி. மகளைச் சும்மா சும்மா கேட்பதில்லை. ஹாஸ்டலுக்குத் திரும்பிய நாட்களில் அவளாகவே ஒரு மெசேஜ் அனுப்புவாள்: "மாடி ஏறிட்டேன்." அது வரும்வரை நான் போனைக் கீழே வைப்பதில்லை.